ஜெர்கின் பாக்கெட்டில் சுடாத தோட்டா

நவம்பர் 8, சனி

வெயில் இருக்கிறது, சூடு இல்லை. காற்று எலும்பில் இறங்குகிறது. மேற்கு டெக்சஸ். நேற்று ஆபீஸ் முடிந்து கிளம்பி, பாதி வழியில் மோட்டலில் படுத்து, இன்று காலை வந்து சேர்ந்தோம். டிரைவிங் தீபா. என் ரூம்மேட். நான் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு சப்ளை.

மலை பார்க்கணும் என்றாள். போர்க்களம் கிடைத்தது. ஒரு பண்ணைக்காரர் தன் நிலத்தில் டூர் நடத்துகிறார். அப்பாச்சிப் பழங்குடிகளும் அமெரிக்கக் குதிரைப்படையும் சண்டை போட்ட இடம். "ஃபோட்டோவுக்கு நல்லா இருக்கும்டி" என்று டிக்கெட் எடுத்தாள்.

எடுத்துவர மறந்தது: ஸ்வெட்டர். தம்பிக்கென்று வழியில் அவுட்லெட்டில் வாங்கிய ஜெர்கினையே போட்டுக்கொண்டேன். கறுப்பு. உள்ளே பஞ்சு. விலைச்சீட்டைப் பிய்க்கவில்லை, ஜெர்கின் கைக்குள்ளேயே மடித்துவிட்டேன். வியாழக்கிழமை, ஊருக்குப் போகிற விஜயா ஆன்ட்டியிடம் கொடுத்து அனுப்ப வேண்டியது. புதுசாகவே போய்ச் சேரட்டும்.

போர்க்களம் என்றால் பாறை இடுக்கில் ஒரு குழி. அவ்வளவுதான். மழைத் தண்ணீர் தேங்கும். சுற்றி எங்கேயும் வேறு தண்ணீர் கிடையாது. அப்பாச்சிகளைத் துரத்திப் பிடிக்க ராணுவத்தால் முடியவில்லையாம். மலை ஏறினால் காணாமல் போய்விடுவார்களாம். அப்புறம் ஏதோ ஒரு அதிகாரிக்கு மூளை வேலை செய்திருக்கிறது. துரத்தாதே. தண்ணீர் இருக்கிற இடத்தையெல்லாம் பிடித்து உட்கார்ந்துகொள். தாகம் எடுத்தால் தானாக வருவார்கள்.

சொல்லும்போது பண்ணைக்காரர் முகத்தில் அப்படி ஒரு பெருமை, அவரே உட்கார்ந்து யோசித்த மாதிரி. "அப்புறம் அப்பாச்சிகள் தாக்கினார்கள்" என்றார்.

கூட்டத்தில் ஒரு பெண். நாற்பது வயசு இருக்கும். நியூ மெக்சிகோவிலிருந்து வந்தவள். அப்பாச்சி. தன் ஆட்கள் செத்த இடத்தைப் பார்க்க அவளும் டிக்கெட் எடுத்துத்தான் வந்திருக்கிறாள். குரலை உயர்த்தவே இல்லை. "தாக்க வரவில்லை. தண்ணீர் குடிக்க வந்தார்கள். பிள்ளைகளும் இருந்தார்கள்."

பண்ணைக்காரர் தொப்பியைச் சரி செய்தார். அடுத்த பாறைக்குப் போகலாம் என்றார்.

குழியைக் காவல் காத்த சிப்பாய்கள் கறுப்பர்களாம். இதைப் போகிற போக்கில் சொன்னார். அதுவரை அடிமை. விடுதலை என்று சொல்லி, கையில் துப்பாக்கி கொடுத்து, இன்னொருத்தன் தண்ணீரை மறிக்க அனுப்பிவிட்டார்கள். உத்தரவு போட்டவன் குழிப் பக்கமே வந்திருக்க மாட்டான். எங்கள் ஊரில் கலவரம் என்றால் வேனில் வந்து இறங்கும் போலீசில் பாதிப் பேர் எங்கள் தெருப் பையன்கள் மாதிரியே இருப்பார்கள். லத்தி மட்டும் வேறு யாருடையதோ.

ஷூ லேஸ் கட்டக் குனிந்தேன். பாறைக்கடியில் பச்சை பிடித்த ஒரு துண்டு. செம்போ பித்தளையோ. விரல் நீளம். தோட்டா. ஈய முனை அப்படியே இருந்தது. சுடாதது.

எதையும் எடுக்கக் கூடாது என்று பண்ணைக்காரர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். எடுத்தேன். அந்தப் பெருமையிலிருந்து ஒரு துண்டைத் திருட வேண்டும் போல இருந்தது. பயம் வரவில்லை. சிவகாசிக்காரி. பட்டாசு மருந்து வாடை போகாத கையால் அம்மா பிசைந்து போட்ட சோற்றில் வளர்ந்தவள். வெடிமருந்து என்றதும் மற்றவர்களுக்கு வயிற்றில் வரும் பதற்றம் எங்களுக்கு வராது. அது தைரியம் இல்லை. பழகிப்போன கேடு.

அந்தப் பெண் பார்த்துவிட்டாள். காட்டினேன். இது உங்கள் ஆட்களுடையதா, சிப்பாயுடையதா என்று கேட்டேன். உருட்டிப் பார்த்தாள். "சொல்ல முடியாது. அவர்களிடம் பிடுங்கியதைத்தான் நாங்களும் சுட்டோம். யாரோ ஒருவர் துப்பாக்கியில் போடும்போது கை நடுங்கிக் கீழே விட்டிருக்கிறார்." திருப்பிக் கொடுத்தாள்.

உள்பாக்கெட்டில் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

இர்விங் வீட்டுக்குத் திரும்பியாச்சு. முதுகு போச்சு. மழைத் தூறல். செய்ய வேண்டியவை: துணி. பால். கார்த்திக்குக்கு ரிப்போர்ட். அம்மாவுக்கு மூட்டுவலி மாத்திரை. தம்பி முத்துவுக்குப் பார்சல்.

ஜெர்கினை மடித்துக் கவரில் போட்டுவிட்டேன். ஒரு வேலை ஒழிந்தது.

நவம்பர் 13, வியாழன்

மேகமூட்டம். ஆபீஸ் முடிந்து கார்த்திக் வீடு.

கார்த்திக் என் டீம் லீட். என் கிரீன் கார்டு ஃபைல் அவன் தலையசைத்தால்தான் நகரும். விஜயா ஆன்ட்டி அவன் அம்மா. கோபிச்செட்டிபாளையம். பேரன் பிறந்தபோது வந்தவர். பிள்ளையைக் குளிப்பாட்டுவது, சமையல், பாத்திரம், துணி. டேகேர் வேலை மொத்தமும் ஆன்ட்டி தலையில். "அம்மாக்கு டெக்சஸ் சுத்திக் காட்டணும்" என்று கார்த்திக் கோடையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். ஆன்ட்டி பார்த்த டெக்சஸ்: கோயில், இந்தியன் ஸ்டோர், வீட்டுக்குப் பின்னால் பார்க். அந்தப் பார்க்கில் வாக்கிங்கில்தான் எனக்குப் பழக்கம். நாளை ஊருக்குக் கிளம்புகிறார்.

"வா கண்ணு. காப்பி குடிக்கறயா?"

"வேணாம் ஆன்ட்டி. பார்சல் கொண்டுவந்தேன். தம்பி சென்னை ஏர்போர்ட்டுக்கே வந்து வாங்கிக்குவான்."

"ஒரு ஜெர்கின் என்ன பாரம், குடு. தம்பி பேரென்ன?"

"முத்து. கவர் மேலயே பேரும் நம்பரும் எழுதியிருக்கேன்."

"முத்து." கவரைத் தடவினார். "நீங்க சிவகாசி டவுனா கண்ணு, பக்கத்துலயா? எந்தத் தெருவு?"

பார்க்கிலும் இதே கேள்விதான். "பக்கத்துல ஆன்ட்டி" என்றேன், வழக்கம்போல. சுண்டல் கட்டிக் கொடுப்பதும் இவர்தான், இந்தக் கேள்வியைக் கேட்பதும் இவர்தான். கோபப்படவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை.

ஏர்போர்ட்டில் ஆன்ட்டிக்கு வீல்சேர் புக் பண்ணியிருக்கிறான் கார்த்திக். "பார்க்கை நாலு சுத்து சுத்தறவ நான். இங்கிலீசு வராதுங்கறதுக்காக காலு வராதவளாட்டம் உக்காந்துட்டுப் போகோணும்" என்று சிரித்தார். இங்கிருந்து தோஹா, தோஹாவிலிருந்து சென்னை. தோஹா ஏர்போர்ட்டில் வைஃபை எப்படிப் போடுவது என்று சொல்லிக் கொடுத்தேன். டக்கென்று பிடித்துக்கொண்டார். "இத்தன நாளா யாரும் சொல்லித் தரலையே."

நவம்பர் 14, வெள்ளி

காலையில் பனி. வீட்டிலிருந்து வேலை. மீட்டிங், மீட்டிங்.

மதியத்துக்கு மேல் கார்த்திக் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். ஏர்போர்ட் வாசல். வீல்சேரில் ஆன்ட்டி. பட்டுப்புடவை மேல் என் தம்பியின் கறுப்பு ஜெர்கின். கீழே: "லக்கேஜ் ஓவர்வெயிட். ஸோ அம்மா ஃபேஷன் ஷோ."

சத்தமாகச் சிரித்தேன். எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். பெட்டி எடை ஏறினால் இருப்பதில் கனமானதை எடுத்து மேலே மாட்டிக்கொள்வது. தீபாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவள்தான் கேட்டாள். "ஆமா, அந்தத் தோட்டா எங்கடி? எங்க அண்ணாவுக்கு ஃபோட்டோ எடுத்து அனுப்பணும்."

ஜீன்ஸ், பேக், டிராயர் எல்லாம் தேடியது சும்மா. கேட்ட நிமிஷமே தெரியும். உள்பாக்கெட். ஜிப்.

ஆன்ட்டியின் அமெரிக்க நம்பர்: கட். இன்றைக்கே கார்த்திக் லைனை கேன்சல் பண்ணிவிட்டான். வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். போகவில்லை. குரல் செய்தி: "ஆன்ட்டி, ஜெர்கினக் கழட்டி அங்கயே எங்கயாவது வெச்சிருங்க, உங்ககூட வேணாம், நான் அப்பறம் சொல்றேன்." ஒரு டிக். ஒரே டிக்.

தீபா லேப்டாப்பில். "நம்ம விசால இருக்கறவங்க தோட்டா வெச்சிருந்தாலே இங்க குத்தம்னு போட்டிருக்குடி. பழசுக்கு விலக்கு இருக்குன்னு ஒருத்தன் எழுதியிருக்கான். இல்லைன்னு கீழயே இன்னொருத்தன்." அப்புறம் சத்தத்தைக் குறைத்து: "சென்னைல புடிச்சா ஆர்ம்ஸ் ஆக்ட்."

கார்த்திக்கைக் கூப்பிட்டேன். ஃப்ரீவேயில் வந்துகொண்டிருந்தான். பின்னால் குழந்தை அழுகை. சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல்.

"வாட்? புல்லட்டா?"

"திரும்பிப் போங்க கார்த்திக். கவுன்டர்ல சொல்லுங்க. இப்பத்தான உள்ள போயிருப்பாங்க."

"லிசன். எனக்கு அடுத்த மாசம் சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ. ஏர்போர்ட்ல போய் நின்னு எங்கம்மா பாக்கெட்ல அம்யூனிஷன் இருக்குன்னு நான் சொல்லணுமா?"

"அப்ப நான் ஏர்லைன்ஸுக்கு ஃபோன் பண்றேன்."

"யாருக்கும் பண்ணாத. அது ரெக்கார்டட் லைன். வீல்சேர்ல வர்ற வயசானவங்கள எவனும் செக் பண்ண மாட்டான். அப்படியே கேட்டாலும் அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுல்ல, தெரியாதுன்னு சொல்லட்டும். உண்மைதான அது?" மூச்சு விட்டான். "கலை, இந்த ஃபோன் கால் நடக்கவே இல்ல. ஓகே?"

வைத்துவிட்டான்.

பெற்றவளை. அவன் பிள்ளைக்கு ஆறு மாதம் மலம் அள்ளிப் போட்டவளை. திட்டினேன், தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாம். தீபா காதைப் பொத்திக்கொண்டாள்.

ஆனால் நானும் ஃபோன் பண்ணவில்லை. நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பெயர், என் விசா, என் விரல் ரேகை எல்லாம் இந்த நாட்டு அரசாங்கத்திடம் இருக்கிறது. என் பயம் அவன் பயத்தைவிட உயர்ந்த ஜாதி ஒன்றும் இல்லை.

விமானம் கிளம்பிவிட்டது. ஃபிளைட் ஆப்பில் மஞ்சள் விமானப் பொம்மை நகர்கிறது. அப்படியானால் இங்கே ஸ்கேனில் சிக்கவில்லை. சந்தோஷப்படுவதா? இங்கே விட்டது தோஹாவில் மாட்டும். தோஹாவில் விட்டது சென்னையில். எந்த வழியில் போனாலும் அந்த மெஷினைத் தாண்டாமல் வெளியே போக முடியாது. அவர்கள் துரத்தவே வேண்டாம். உட்கார்ந்திருந்தால் போதும்.

எழுதும்போதே இன்னொன்று உறைக்கிறது. சென்னையில் பிடித்தால் ஆன்ட்டி எனக்குத் தெரியாது, இது முத்துவுக்கு என்பார். உண்மை அதுதானே. கவர் மேல் அவன் பேர், நம்பர், என் கையெழுத்தில். வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். சிவகாசிப் பையன், தோட்டா. எந்தத் தெரு என்று ஆன்ட்டி மாதிரி நயமாகக் கேட்க மாட்டார்கள்.

முத்துவுக்கு மெசேஜ் எழுதினேன், போகாதே என்று. அழித்தேன். அவன் போகாவிட்டால் ஆன்ட்டி தனியாக.

நவம்பர் 15, சனி

தூக்கம் இல்லை. வெளியே நல்ல வெயில், பக்கத்து வீட்டில் புல் வெட்டும் சத்தம். தோசை மாவு பொங்கி வழிந்திருக்கிறது. துடைக்கவில்லை.

மஞ்சள் பொம்மை துருக்கி மேல். இறங்க இன்னும் கொஞ்சம்தான்.

அந்தத் தோட்டாவைக் கீழே விட்டவனை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். சிப்பாயோ, அப்பாச்சியோ. குனிந்து எடுக்க நேரம் இல்லை. எடுத்தால் செத்தான், எடுக்காவிட்டாலும் கையில் காலித் துப்பாக்கி. என்ன பண்ணியிருப்பான்? ஓடியிருப்பான். நான் என்றால் ஓடியிருப்பேன். இப்போதும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், கட்டிலில் உட்கார்ந்தபடியே.

"ஏர்லைன்ஸுக்கு ஃபோன் பண்ணப் போறியா இல்லையா? சொல்லித் தொலை" என்றாள் தீபா. "பண்ணலைன்னா நான் குளிக்கப் போறேன். பண்றதுன்னா பக்கத்துல உக்காந்திருக்கேன்."

பண்ணினேன்.

மியூசிக். மியூசிக். ஒரு பெண் குரல். சொன்னேன். மறுபக்கம் கீபோர்டு சத்தம் நின்றது. திரும்பச் சொல்லச் சொன்னாள். பயணியின் பெயர். சீட் தெரியுமா? தெரியாது. வீல்சேர், கறுப்பு ஜெர்கின். உங்கள் முழுப்பெயர்? எழுத்து எழுத்தாகச் சொன்னேன். பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி. பிறந்த தேதி. முகவரி. பயணிக்கு நீங்கள் என்ன உறவு?

ஆன்ட்டி என்றால் உறவா? பார்சல் கொடுத்தவள் என்றேன்.

அவருக்கு இது தெரியுமா? தெரியாது, முழுக்க என் தவறு என்றேன். அதைத் தட்டச்சு செய்வது கேட்டது. லைனில் இருங்கள் என்றாள். இருந்தேன். தீபா என் முழங்காலை அழுத்திப் பிடித்திருந்தாள். கடைசியில், விவரம் அனுப்பிவிட்டோம், தேவைப்பட்டால் உங்களைத் தொடர்பு கொள்வார்கள் என்றாள். யார் என்று கேட்டேன். அதைச் சொல்லவில்லை.

பொம்மை தரையில் இறங்கியது. ஒரு டிக். ஒரு டிக். துணியை மெஷினில் போட்டேன், சோப்பு போட மறந்தேன். முத்துவிடமிருந்து: "அக்கா, ஆன்ட்டி ஃபிளைட் கரெக்ட் டைமா? நான் கிளம்பவா?" என்ன சொல்ல? பொறு என்றேன்.

சாயங்காலம். இரண்டு டிக். உடனே கால்.

"கண்ணு."

ஃபோனைக் காதோடு அழுத்தினேன்.

"கண்ணு, கேக்குதா? ஏரோப்ளேன் கதவத் தொறந்ததுமே ரெண்டு பொம்பளப் போலீசு வந்துட்டாங்க. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ஒரு ரூமுல உக்கார வெச்சாங்க. பாக்கெட்டுல இருந்து எடுத்து ஒரு பையில போட்டு சீல் வெச்சாங்க. எம்பட கண்ணு முன்னாடிதான். வீல்சேரு தள்ளுனவரு நம்ம தமிழு, அவருதான் கூடவே நின்னு எடுத்துச் சொன்னாரு. அமெரிக்காவுல இருந்து ஒரு புள்ள முன்னாடியே ஃபோன் பண்ணிச் சொல்லிருச்சு, அதனாலதான் இவ்வளவோட போச்சுன்னாங்களாமா. அது நீதான?"

"ஆன்ட்டி, மன்னிச்சிருங்க ஆன்ட்டி."

"அழுகாத. எதையோ எடுத்து வெச்ச, மறந்துட்ட. அந்த ஃபிளைட்டு போயிருச்சு. காலைல வேறதுல ஏத்தி உடறாங்களாமா. தம்பிகிட்டச் சொல்லீரு, பாவம் காத்துக் கெடக்கும்."

"சாப்பிட்டீங்களா?"

"ஜூஸு குடுத்தாங்க. காத்திக்குத்தான் மொதல்ல அடிச்சேன், அந்த ரூமுல இருந்து. அவங்களே போட்டுக் குடுத்தாங்க. எடுக்கவே இல்ல. மறுக்கா அடிச்சேன். வேலையா இருப்பான்."

சனிக்கிழமை.

பின்னால் ஏதோ அறிவிப்பு, அரபியில்.

"கண்ணு. காத்திக்கு இது தெரியுமா?"

நான் பட்டென்று பேசுகிறவள். ஆபீஸில் எனக்கு அதற்கென்றே கெட்ட பெயர். வாயைத் திறந்தேன்.

"தெரியாது ஆன்ட்டி. நான் அவர்கிட்ட சொல்லவே இல்ல."

"அதான பாத்தேன்" என்றார். மூச்சு விடுவது கேட்டது. "நீயும் சொல்லாத. பயந்துக்குவான்."

நவம்பர் 17, திங்கள்

காற்று. ஆபீஸ் வாசலில் கொடிக்கம்பம் சங்கிலி அடித்துக்கொண்டே இருந்தது.

ஆன்ட்டி நேற்று சென்னை. முத்து ஜெர்கினை வாங்கிக்கொண்டான். யாரும் தடுக்கவில்லை. விலைச்சீட்டுகூட அப்படியே இருந்ததாம்.

எனக்குத் தெரியாத நம்பரிலிருந்து மிஸ்டு கால். வாய்ஸ்மெயில் இல்லை.

கார்த்திக் ஃபோன் ரூமுக்குள் கூப்பிட்டான். கதவைச் சாத்தினான்.

"அம்மாகிட்ட என்ன சொன்ன?"

"உங்களுக்கு எதுவும் தெரியாதுன்னு சொன்னேன்."

"ஏர்லைன்ஸ்ல?"

"என் பேரு மட்டும்தான்."

தலையாட்டினான். தேங்க்ஸ் என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. காபிக் கப்பை எடுத்தான். கப் ஆடியது. மேஜை மேல் சிந்தியது. டிஷ்யூ எடுத்து அவனே துடைத்தான், ரொம்ப நேரம்.

"அம்மா மூணு தடவை கால் பண்ணாங்க" என்றான். "நான் பாத்துட்டேதான் இருந்தேன்."

சொல்ல இருந்ததெல்லாம் வெள்ளிக்கிழமையே தீபாவிடம் சொல்லிவிட்டேன்.

கதவைத் திறக்கும்போது, முதுகைக் காட்டியபடி: "பை த வே, கலை, உன் கிரீன் கார்டு ஃபைலிங் இந்தக் குவார்ட்டர் கஷ்டம். கொஞ்சம் தள்ளிப் போடலாம். பட்ஜெட் இஷ்யூ."

நான் அவனுக்குப் பயந்தது போய் இப்போது அவன் எனக்குப் பயப்படுகிறான். இது நல்லதா கெட்டதா என்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். கெட்டது. என் ஃபைல் இருப்பது அந்த ஆடுகிற கையில்.

நவம்பர் 19, புதன்

மழை. பால் தீர்ந்தது. அதே தெரியாத நம்பர், மறுபடியும். எடுத்தேன். கட் ஆகிவிட்டது.

ஆன்ட்டி கோபி போய்ச் சேர்ந்தார். முருங்கை பூத்திருக்கிறதாம், ஃபோட்டோ.

முத்துவிடமிருந்து: "அக்கா ஜெர்கின் சூப்பர். கை கொஞ்சம் நீளம். உள்பாக்கெட்ல பச்சையா ஏதோ கறை. துவச்சா போயிருமா?"

போட்டுக்கொண்டு ஒரு படமும் அனுப்பியிருக்கிறான். சென்னையில் ஏதோ டீக்கடை முன்னால், அந்த வெயிலில், காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு. ஸ்டைலாம். வலது கையை உள்பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நிற்கிறான். பின்னால் ரோட்டில் ஒரு போலீஸ் ஜீப்.

கையை வெளிய எடுடா என்று அடித்தேன்.

ஒரு டிக்.